ஆகாயக் கம்பியும் ஆசிரியர் ஜகதீச சந்திர போஸும்

சென்ற ஐப்பசித் திங்களில் ஒரு ஞாயிறன்று, வைகையின் வடகரையில் வாழும் நண்பரொருவரது வீட்டு மாடியில் அரைநாள் கழித்தேன். அவர் அரசாங்க உரிமம் பெற்று, அயலூர் அன்பர்களோடு வானொலி வழியே உரையாடும் பொழுதுபோக்கினர். அவ்வினத்தாரை ஹாம் என்று அழைப்பர். 40 மீட்டர் அலைக்கென அவர் கட்டிய ஏரியல், அஃதாவது ஆகாயக் கம்பி, புறத்துக்குப் 10 மீட்டராக இரு மூங்கில்களுக்கிடையே நீண்டு கிடந்தது. மழைக்குப்பின் அது பேசாமடந்தையாயிற்று. மூங்கிலை நிமிர்த்தினோம், முடிச்சுக்களை இறுக்கினோம், பயனில்லை. ஈற்றில், நடுவே கம்பியும் கேபிளும் கூடுமிடத்தில் நீர் புகுந்து செம்பு பச்சை பூத்திருக்கக் கண்டோம். அதனைச் சுரண்டி ஈயம் பற்றவைத்த மாத்திரத்தில் தூத்துக்குடியிலிருந்து ஒரு குரல் கேட்டது.

எதிர்வீட்டு மாடியிலோ, தொலைக்காட்சித் தட்டொன்று அத்தனை மழையிலும் நனைந்து நலமாயிருந்தது. இதற்கு ஒரு முழம் போதுமாயிருக்க, அதற்கேன் அத்துணை நீளமென்று வினவினேன். அலை குறுகினால் ஏரியலும் குறுகும் என்று கூறிய நண்பர், அத்தட்டின் முன்னே நீட்டிய சிறு குழலின் புனல்போன்ற வாயைக் காட்டி, ஜகதீச சந்திர போஸின் பெயரைச் சொன்னார். செடிகளின் உணர்ச்சியை ஆராய்ந்தவர் என்றே அதுகாறும் நான் அவரை அறிந்திருந்தேன்.

அவர் 1858-ம் ஆண்டு நவம்பர் 30-ல் வங்காளத்திற் பிறந்தவர். தந்தையார் பகவான் சந்திரர் அரசாங்க உத்தியோகஸ்தராயிருந்தும், மகனை முதலில் தாய்மொழிப் பள்ளிக்கே அனுப்பினார். ஆங்கே ஏவலாளன் மகனும் செம்படவன் மகனும் அவருக்கு இருபுறமும் அமர்ந்து கற்றனர். பின்பு கல்கத்தா ஸெயின்ட் ஸேவியர் கல்லூரியில் லபோன் என்னும் பாதிரியார் இயற்பியலிற் சுவையூட்டினார். 1880-ல் இங்கிலாந்து சென்று மருத்துவம் தொடங்கி, நோயினால் அதனை விடுத்து, கேம்பிரிட்ஜில் ராலே பிரபுவிடம் விஞ்ஞானம் பயின்று மீண்டார்.

1885-ல் கல்கத்தா பிரஸிடென்ஸிக் கல்லூரியில் ஆசிரியரானார். அக்காலத்தில் ஐரோப்பியர் பெறும் சம்பளத்தில் மூன்றில் இரு பங்கே இந்தியருக்கு உரியது. நியமனம் நிலையற்றதென்று இவருக்கு அதிலும் பாதியே வைத்தனர். அவர் வழக்காடவில்லை, வேலையை விடவும் இல்லை. மூன்றாண்டுகள் ஒருநாளும் தவறாது பாடம் நடத்தி, சம்பளத்தில் ஒரு காசும் தொடாதிருந்தார். விடுதிக் கட்டணம் ஒரு மாதம் தாழ்ந்தால் நாம் படும் பாட்டை எண்ணுக! அவருக்கோ தந்தையார் பட்ட கடன் வேறு. இடையே, 1887-ல், அபலா அம்மையாரை மணந்தார். அவ்வம்மையார், கல்கத்தாவில் மருத்துவம் பயிலப் பெண்களுக்கு இடமின்மையால், நம் சென்னைக்கு வந்து பயின்றவர். முடிவில் கல்லூரியார் முழுச் சம்பளத்தையும் நிலுவையோடு தந்தனர், கடன் தீர்ந்தது.

தம் முப்பத்தாறாவது பிறந்தநாளில், 1894-ல், ஆராய்ச்சியே இனித் தம் தொழிலெனத் துணிந்தார். இடம் 24 சதுர அடிச் சிற்றறை. துணை ஒரு தகரவேலைக்காரர். ஹெர்ட்ஸ் என்னும் ஜெர்மானியர் கண்ட மின்னலைகளை 5 மில்லிமீட்டர் அளவுக்குக் குறுக்கி, அவை ஒளியேபோல் மடங்குதலையும் முறிதலையும் காட்டினார். அலையை ஏந்தக் கம்பமோ நெடுங்கம்பியோ வேண்டியதில்லை. உலோகப் புனலொன்றே அதனை வாரிக் கொண்டது. ரயில் கால அட்டவணைப் புத்தகத்தின் ஏடுகளிடையே ஈயத்தாள் செருகி, அதனையும் ஓர் ஆராய்ச்சிக் கருவியாக்கினார்.

ஆயின் ஒளிபோலும் அலைக்கு ஒளியின் குறையும் உண்டு. யானைமலைக்கு இப்பால் ஏற்றிய விளக்கு அப்பாலுள்ளாருக்குத் தெரியாதவாறே அதுவும் மலையைச் சுற்றி வளையாது. தூரம் செல்ல நீண்ட அலையும் உயர்ந்த கம்பமும் வேண்டும். இதனையும் போஸ் அறிந்திருந்தார். 1895-ல் சுவர்களை ஊடுருவி 75 அடிக்கு அப்பால் மணியடிக்கச் செய்த சோதனைக்கு, 20 அடிக் கம்பத்தின் உச்சியில் வட்டமான உலோகத் தகட்டைப் பொருத்தினார். அத்தகைய கம்பமொன்றைத் தம் வீட்டிலும் மற்றொன்றை ஒரு மைல் தொலைவிலுள்ள கல்லூரியிலும் நாட்டிச் செய்தி விடுக்கவும் எண்ணினார். அதற்குள் 1896-ல் சீமைப் பயணம் நேர்ந்தது. அம்மைல் கடக்கப்படாமலே நின்றது.

கடந்தவர் மார்க்கோனி. அவர் பட்ட பாட்டையும் மறைத்தல் ஆகாது. இங்கிலாந்தின் பால்டுவில் 200 அடி உயரமாக வளைய நிறுத்திய 20 கம்பங்கள் 1901 செப்டம்பர்ப் புயலில் வீழ்ந்தன. அவ்வாண்டு டிசம்பரில் நியூபவுண்ட்லாந்தில் காற்றாடியிற் கட்டிய கம்பியைக் கொண்டே அட்லாண்டிக்கைக் கடந்த ஒலியைக் கேட்டார். அன்று அவர் கைக்கொண்ட பாதரசக் கருவியோ, 1899-ல் ராயல் சங்கத்துக்குப் போஸ் விவரித்த இனத்ததே.

1901-ல் தந்திக் கம்பெனி முதலாளி ஒருவர் லாபத்திற் பங்கு தருவதாய் வந்தும் போஸ் இசையவில்லை. நண்பர் வற்புறுத்தலால் அமெரிக்காவில் விண்ணப்பித்து 1904-ல் பெற்ற உரிமைப் பத்திரத்தையும் காலாவதியாக விட்டார். சம்பளத்துக்காக மூன்றாண்டு பொறுத்தவர் இங்ஙனம் செய்தது முரணென்பர் என் நண்பர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. முன்னது மதிப்பைப் பற்றியது, பின்னது பணத்தைப் பற்றியது. ஆனால் அந்த ஒரு மைலை எண்ணும்போது எனக்கும் வருத்தமே; பத்திரம் போனாற் போகட்டும், கம்பத்தையாவது நாட்டியிருக்கலாம்.

பின்னர் அவர் உள்ளம் செடிகொடிகளின்பாற் சென்றது. 1917-ல், தம் பிறந்தநாளன்றே, கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்தார். 1920-ல் ராயல் சங்கத்து உறுப்பினரானார். 1937 நவம்பர் 23-ல், எழுபத்தொன்பது நிறைய ஒரு வாரம் இருக்க, கிரிதியில் காலமானார். அவர் கையாண்ட புனலின் வழித்தோன்றல் எதிர்வீட்டு மாடியில் மழையில் நனைந்துகொண்டிருக்க, நாங்கள் எங்கள் மூங்கிலை மீண்டும் தூக்கிக் கட்டினோம்.