மேரி வர்கீஸ் அம்மையார்

பழவேற்காட்டு ஏரியினைக் கண்டறியாத நேயர்கட்கு முதற்கண் ஒன்று கூறல் வேண்டும். அவ்வேரிக்கரைக் குப்பங்களில் வீடுகள் மணலின்மேல் எழுந்தவை. ஐப்பசி கார்த்திகை மழையில் நீர் ஏறிவருமென்னும் அச்சத்தால் தரையை உயர்த்தி, வாயிலிலே முழங்காலளவு படி வைத்துக் கட்டுவோர் பலர். கூரை வீடாயின் இறவாரம் தாழ்ந்திருக்கும். குனிந்தே புகுதல் வேண்டும். கால் வல்லார்க்கு இவையெல்லாம் ஒரு பொருட்டன்று. எம் தெருவிற் பெரியவர் ஒருவர், தென்னை மட்டை வெட்ட ஏறித் தவறி வீழ்ந்து முதுகெலும்பு முறிந்து, இடுப்பின்கீழ் உணர்வும் அசைவும் இழந்தார். பல திங்கள் ஆஸ்பத்திரி ஒன்றிற் கிடந்தபின் சக்கர நாற்காலியோடு ஊர் திரும்பினார். அன்று அந்தப் படியே அவருக்கு மலையாயிற்று. நால்வர் அவரைத் தூக்கி உள்ளே விட்டனர். அதன்பின் ஏறக்குறைய ஓராண்டுக் காலம் அவர் ஏரியைக் கண்டிலர். ஏரியோ அவர் வீட்டினின்றும் இருநூறு அடித் தொலைவிலுள்ளது.

அவரை நினைக்குந்தோறும் எம்முன் வந்து நிற்பது வேலூர் மேரி வர்கீஸ் அம்மையாரின் வரலாறு. நிற்பது என்றோம், அவ்வம்மையார் தம் இருபத்தெட்டாம் வயதிற்குப்பின் நின்று நடமாடினவரல்லர்.

அம்மையார் 1925ஆம் ஆண்டு கொச்சியை அடுத்த செறாய் என்னும் ஊரிற் பிறந்தார். ஒருபுறம் கடலும் ஒருபுறம் காயலுமாக அமைந்த தீவிலுள்ளது அவ்வூர். எம்மூராரைக் கொண்டுபோய் அங்கு விட்டால் மொழியொன்று நீங்கலாக மற்றெதுவும் புதிதென்று கருதார். கிறிஸ்தவக் குடும்பத்தினராகிய அவர், ஐடா ஸ்கடர் அம்மையார் 1918இற் பெண்கட்கெனத் தொடங்கிய வேலூர் வைத்தியக் கலாசாலையிற் சேர்ந்து பயின்று வைத்தியரானார். பெண்கள் நோய் வைத்தியத்திலே தேர்ச்சி பெறுதல் அவர் விருப்பம். இளமைக் காலம்பற்றி இதற்குமேல் விரித்தல் வேண்டா.

1954ஆம் ஆண்டு ஜனவரியில், உடன் பணிபுரிந்தாரோடு உல்லாசப் பயணமாகச் சென்ற வண்டி கவிழ்ந்தது. அம்மையாரின் முகம் கிழிந்தது. முதுகுத் தண்டு நைந்தது. முகத்துக் காயம் தழும்பாய் நிலைத்தது, கால்களோ மீளவில்லை. பிறர் படுக்கையருகே நின்று பார்த்த வைத்தியர், இப்போது படுக்கையிற் கிடந்து பிறரைப் பார்க்கலாயினர். இரண்டு மணிக்கொரு முறை ஒருவர் வந்து புரட்டாவிடில் முதுகிற் புண் விழும். ஒரு குவளை நீருக்கும் பிறர் கையை எதிர்பார்க்க வேண்டும். வைத்தியராயிருந்தமையின் தம் நிலை இன்னதென்பதை அவர் நன்கறிந்திருந்தார். ஆறுதல் மொழி கேட்டு ஏமாறுதற்கும் அவர்க்கு வழியில்லை.

இவ்விடத்து மற்றொருவரைக் குறித்தல் இன்றியமையாதது. பால் பிராண்ட் என்னும் ஆங்கிலச் சத்திர வைத்தியர் அக்காலத்து வேலூரில் இருந்தார். தொழுநோயால் நரம்பு கெட்டு மடங்கிப்போன விரல்களை, நல்ல தசையொன்றின் நாணை எடுத்து வேறிடத்தே இணைத்து நிமிர்த்தும் முறையை வகுத்தவர் அவர். ஆயினும் கையைச் செப்பஞ்செய்து வீட்டிற்கு அனுப்பினாற் சிறிது நாளிற் புண்ணோடு திரும்பி வருவாரைக் கண்டார். காரணம் எங்கே என்று தேடினார். அது வீட்டிலே இருந்தது. உணர்வற்ற கையாற் கொதிக்கும் பாத்திரத்தைத் தூக்கினர். சொரசொரப்பான கருவிப்பிடியை இறுகப் பற்றினர். சிலர் விரல்களோ இரவிற் குறைந்தன. உறங்கும்போது எலி கடித்தது அவர்கள் அறியார். ஆதலின் பிராண்ட் துரை பிடிகளை மாற்றினார். கிராமத்து வீடுகளைப் போலவே குடிசைகள் அமைத்து, நோயாளிகள் அவற்றில் வாழ்ந்து தொழில் பழகச் செய்தார். வீடு திரும்புவாரோடு ஒரு பூனையையும் அனுப்பினார். சத்திர வைத்தியர் பூனை கொடுத்தார் என்னும் இச்செய்தியை முதலிற் படித்தபோது யாம் நகைத்தோம். பின்னர் நகை வரவில்லை.

இருந்தபடியே கையறுவை செய்தல் கூடும் என்று மேரி அம்மையார்க்கு எடுத்துரைத்தவர் அந்தப் பிராண்ட் துரையே. கையில் நடத்தும் சத்திரத்திற்கு வைத்தியர் நிற்க வேண்டுவதில்லை. நோயாளி கையை மேசைமேல் நீட்ட, வைத்தியர் எதிரே அமர்ந்து செய்யலாம். அம்மையார் சக்கர நாற்காலியில் அமர்ந்து தொழுநோயாளர் கைகளைத் திருத்தலானார். அவர்தம் கால்களுக்கு ஒன்றும் செய்ய இயலவில்லை, மேசையினது உயரமும் நாற்காலியினது உயரமும் பொருந்தின, வைத்தியர் மீண்டார். எம் சிற்றறிவிற்கு இதுவே அவர் வரலாற்றின் திருப்பமாகத் தோன்றுகிறது.

பின்னர் அவர் அவுஸ்திரேலியாவிற் பெர்த் நகரத்து ஆஸ்பத்திரிக்குச் சென்று, தம் உடம்பைத் தாமே ஆளப் பயின்றார். படுக்கையினின்று நாற்காலிக்கு மாறுதல், உடுத்தல், குளித்தல் ஆகியவற்றைப் பிறர் துணையின்றிச் செய்வது கற்க வேண்டிய கலை என்பதை அங்கே உணர்ந்தார். அப்பால் அமெரிக்காவில் நியூயார்க்கு நகரத்தே ஹோவர்ட் ரஸ்க் என்னும் வைத்தியரின் நிலையத்தில் மறுவாழ்வு வைத்தியம் பயின்றார். ஊனமுற்றார் எளிதிற் புழங்குதற்கென மாதிரி வீடொன்றை வகுத்துக் காட்டிய நிலையம் அது. அடுப்பு எவ்வளவு உயரத்தில் இருந்தால் அமர்ந்து சமைக்கலாம், கதவு எவ்வளவு அகன்றால் நாற்காலி நுழையும் என்பன அங்கு வைத்திய நூலின் பகுதிகளாயின.

1963இல் வேலூரில் மறுவாழ்வு வைத்தியப் பகுதி அவர் தலைமையில் அமைந்தது. 1966இல், ஊருக்குப் புறத்தே பாகாயத்தில், நோயாளிகள் தங்கிப் பயிலும் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பெற்றது. நம் நாட்டில் இவ்வகையில் முன்னோடி அதுவே. அங்கே நோயாளியோடு வீட்டார் ஒருவரும் தங்கிப் பயில்வர். நியூயார்க்கு வீட்டை அப்படியே பெயர்த்து நம் குப்பத்தில் வைத்தல் இயலாதன்றோ? இங்கே அடுப்பு தரையில், உணவு தரையில், உறக்கமும் பலர்க்குத் தரையில். நெய்தல் நிலத்து மகளிர் கரையில் நின்று வருந்துதலைப் பல பாட்டுக்களில் யாம் பாடங் கேட்டிருக்கிறோம். அந்நிலத்து வீட்டின் படி எத்துணை உயரம் என்பதை அளந்து பார்க்க எமக்குத் தோன்றியதில்லை. அம்மையார் நிலையத்தார் அதனையே முதலில் வினவுவர்.

எம் தெருப் பெரியவரை இரண்டாம் ஆண்டில் வேலூருக்கு அழைத்துச் சென்றனர். மனைவியாரும் உடன் தங்கினார். வாயிற்படி எவ்வளவு, கட்டில் உண்டா, கட்டிலிலிருந்து கழிப்பிடம் எத்தனை அடி, தண்ணீர் யார் எடுப்பது என்றெல்லாம் கேட்டார்களாம். ஏரியிற் பாடு முறை எப்படி என்று கேட்டாலும் சொல்லியிருப்பேன், இதற்கு விடை தெரியவில்லையே என்று அந்த அம்மாள் எம் தாயாரிடம் கூறி நகைத்ததுண்டு. ஊரிலிருந்த மகன் கயிறு கொண்டு அளந்து சொன்னான்.

திரும்பி வந்தபின் வீடு மாறியது. கட்டிற் கால்கள் நாற்காலி இருக்கையின் உயரத்திற்கு அறுக்கப்பட்டன. உயரம் ஒத்தாலன்றி ஒன்றினின்று மற்றொன்றிற்கு நழுவ முடியாது. உத்திரத்திற் கட்டிய வலைக்கயிறு, கையால் பற்றி எழுந்து உட்காரத் தலைமேல் தொங்கியது. நாற்காலி நுழையுமாறு கதவுநிலையைப் பெயர்த்து அகலப்படுத்தினர். படிதான் பெருந்தொல்லை. 1 அடி உயரத்திற்கு 12 அடி நீளமாகச் சரிவு அமைத்தாற்றான் ஒருவர் தம் கையால் உருட்டி ஏறலாம். அவர் வீட்டுப் படி ஒன்றரை அடி. ஆகவே 18 அடி வேண்டும். முற்றமோ அத்துணை நீளமில்லை. கண்ணாடி நார்ப் படகுகள் வந்தபின் கரையிற் கவிழ்ந்து கிடந்த பழைய மரப்படகொன்றின் பலகைகளைக் கொண்டு, சுவரோரமாய் ஒருமுறை மடங்கும் சரிவை மகன் அமைத்தான். தெருமணலிற் சக்கரம் புதையுமாதலின் ஏரிக்கரை மட்டும் சிமெண்டுப் பலகைகளைப் பரப்பினர். சிலவற்றை அண்டை வீட்டார் கொடுத்தனர். தங்கள் வழியை அடைத்ததென்று முணுமுணுத்தாரும் உளர், அதனை மறைப்பானேன்?

மேரி அம்மையார்க்கு 1972இல் அரசினர் பத்மஸ்ரீ விருதளித்தனர். டோரதி கிளார்க் வில்சன் என்னும் அமெரிக்க மாது அவர் வரலாற்றை நூலாக்கினார். 1986இல் அம்மையார் காலமாயினார். பாகாயத்தில் முன்னாள் நோயாளிகள் ஆண்டுதோறும் ஒன்றுகூடும் விழா உண்டு. சக்கர நாற்காலிகளும் மூன்று சக்கர வண்டிகளுமாய் அந்நாளில் வளாகம் நிறையும்.

எம் பெரியவர் இப்பொழுது காலையில் தாமே இறங்கி ஏரிக்கரைக்கு வருகிறார். நாற்காலியின் உயரத்திற்குக் கம்பு நட்டு வலையைத் தொங்கவிட்டு, கிழிந்த கண்ணிகளைப் பின்னிக் கொடுத்துக் கூலி பெறுகிறார். அரைமணிக்கொரு முறை இரு கையையும் ஊன்றி உடம்பைத் தூக்கிக்கொள்ள வேண்டும். அவர் பேச்சு வாக்கில் அதனை மறந்தால் இறால் பொறுக்கும் பெண்கள் நீரிலிருந்தே கூவி நினைவூட்டுகின்றனர். சென்ற விடுமுறையில் யாம் சென்றிருந்தபோது, சரிவின் மடக்கிலுள்ள பலகை உப்புக்காற்றில் உளுத்திருந்ததைக் கண்டோம். மழை பிடிக்குமுன் அதனை மாற்றிவிட வேண்டும் என்று மகன் சொல்லிக்கொண்டிருந்தான்.