கரியை மிச்சம் பிடித்த ஜேம்ஸ் வாட்

கெண்டியில் தண்ணீர் கொதித்தது. மூடி ஆடியது. அதைப் பார்த்த சிறுவன் ஜேம்ஸ் வாட் நீராவி எஞ்சினைக் கண்டுபிடித்தான்.

இப்படி ஒரு கதை உண்டு. ஆனால் உண்மை வேறு. வாட் பிறப்பதற்கு 24 ஆண்டுகளுக்கு முன்பே, 1712-ல், நியூகோமன் என்ற ஆங்கிலேயர் நீராவி எஞ்சினை ஓட்டிவிட்டார். சுரங்கத்தில் ஊறும் தண்ணீரை இறைப்பதுதான் அதன் வேலை. ஆம், அது ஒரு பம்பு!

தண்ணீரை நன்றாகத்தான் இறைத்தது. ஆனால் மலை மலையாகக் கரியைத் தின்றது.

நோஞ்சான் பிள்ளை

ஸ்காட்லாந்தில் கிரீனக் என்ற துறைமுகத்தில், 1736-ம் ஆண்டு ஜனவரி 19-ந் தேதி வாட் பிறந்தார். நோஞ்சான் பிள்ளை. பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காகப் போக முடியவில்லை. கப்பல் கட்டும் தந்தையின் பட்டறையில் கருவிகளைப் பிடித்துப் பழகினார்.

லண்டனில் ஓராண்டு தொழில் கற்றார். கிளாஸ்கோ நகரில் கடை வைக்க வந்தார். 7 ஆண்டு பயிற்சி பெறாதவர் என்று தொழிலாளர் சங்கம் தடுத்தது. 1757-ல் பல்கலைக்கழகம் அவருக்குப் பட்டறை வைக்க இடம் கொடுத்தது.

அங்கேதான் நியூகோமன் எஞ்சினின் சிறிய மாதிரி ஒன்று பழுது பார்க்க வந்தது.

சட்டியும் தண்ணீரும்

அந்த எஞ்சினின் உருளையில் நீராவி நிரம்பும். உடனே குளிர்ந்த நீரைப் பீச்சுவார்கள். நீராவி தண்ணீராகிவிடும். உள்ளே வெற்றிடம் உண்டாகும். வெளிக்காற்று அழுத்த, பிஸ்டன் கீழே இறங்கும். ஏற்றத்துத் துலா போன்ற உத்திரத்தின் மறுமுனை, பம்புத் தண்டை மேலே தூக்கும்.

அடுப்பில் காய்ந்த சட்டியைத் தண்ணீரில் முக்கி, மறுபடி அடுப்பில் ஏற்றினால் விறகு என்னாகும்? அதே கதைதான். ஒவ்வொரு முறையும் உருளை குளிர்ந்தது. மீண்டும் சூடாக்கவே கரி செலவாயிற்று.

1765-ல், ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்து போகும்போது வாட்டுக்கு வழி தோன்றியது. நீராவியைத் தனிப் பாத்திரத்துக்கு இழுத்து அங்கே குளிரவைத்தால் என்ன? உருளை எப்போதும் சூடாகவே இருக்குமே!

சோதனைக் காலம்

யோசனை தோன்றியது ஒரு நாளில். அது எஞ்சினாகப் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. 1769-ல் காப்புரிமை பெற்றார். கூட்டாளி ரோபக் கடனில் மூழ்கினார். வயிற்றுப் பிழைப்புக்காக வாட் கால்வாய்களுக்கு நிலம் அளந்தார். 1773-ல் அப்படி வெளியூரில் இருந்தபோது மனைவி மார்கரெட் பிரசவத்தில் இறந்தார். ஓடோடி வந்தவரால் அவரை உயிருடன் பார்க்க முடியவில்லை.

அடுத்த ஆண்டு பர்மிங்ஹாம் சென்றார். அங்கே போல்டன் என்ற தொழிலதிபர் கை கொடுத்தார். பீரங்கிக் குழாய் குடையும் வில்கின்சன், பிசகில்லாத உருளை செய்து தந்தார். 1776-ல் எஞ்சின்கள் ஓடின.

மிச்சத்தில் பங்கு

கார்ன்வால் பகுதியில் செம்பு, வெள்ளீயச் சுரங்கங்கள் இருந்தன; கரி இல்லை. கடல் வழியே வரவேண்டும். அங்குள்ள முதலாளிகளிடம் போல்டனும் வாட்டும் புதுமையான பேரம் பேசினர். பழைய எஞ்சினைவிட எவ்வளவு கரி மிச்சமாகிறதோ, அதன் விலையில் மூன்றில் ஒரு பங்கு கொடுத்தால் போதும்! பம்பு எத்தனை முறை ஆடியது என்று கணக்கிட, பூட்டிய பெட்டிக்குள் ஓர் எண்ணும் கருவி வைத்தார்கள்.

முதலில் மகிழ்ந்த முதலாளிகள் பிறகு முணுமுணுத்தனர். பணம் தர மறுத்தனர். வழக்குகள் நடந்தன. 1799-ல் வாட் பக்கம் தீர்ப்பாயிற்று. 1800-ல் காப்புரிமை முடிந்தது. 1819 ஆகஸ்டு 25-ல் வாட் காலமானார்.

பம்பு வாங்குகிறவர்களுக்கு

எஞ்சினின் வலிமையைக் குதிரையோடு ஒப்பிட்டுக் கணக்கு வகுத்தவரும் வாட்தான். 33,000 பவுண்டு எடையை ஒரு நிமிஷத்தில் ஓர் அடி தூக்குவது ஒரு குதிரைசக்தி. மின்சக்தியின் அளவுக்கும் அவர் பெயரே வைக்கப்பட்டது. ஒரு குதிரைசக்தி என்பது சுமார் 746 வாட்.

இன்று கிணற்றுக்கோ, வீட்டு நீச்சல் குளத்துக்கோ பம்பு வாங்கப் போனால் இந்த இரண்டு எண்களையும் பார்க்கலாம். கடையில் சொல்லும் விலை ஒரு நாள் செலவு. பம்பு தின்னும் மின்சாரமோ மாதா மாதம் வரும் செலவு. தேவைக்கு மேல் பெரிய பம்பு வாங்கினால் அந்தச் செலவு பம்பு உள்ளவரை தொடரும்.

கார்ன்வால் முதலாளிகள் கரிக் கணக்குப் பார்த்துத்தான் பம்பைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தக் கணக்கு இன்றும் செல்லும்.