முஹம்மது அலி: பட்டத்தைக் கொடுத்து மனச்சாட்சியைக் காத்தவர்

எங்கள் வாவிக்கரை ஊர்களில் குத்துச்சண்டையை நேரில் பார்த்தவர்கள் குறைவு. முஹம்மது அலியின் பெயரைக் கேளாதவர்களோ இல்லை. சிறுவயதில் வாப்பா சொல்லிக் கேட்ட அந்தப் பெயரை இன்று வகுப்பறையில் நான் சொல்கிறேன். அவர் எத்தனை பேரை வீழ்த்தினார் என்று மாணவர்கள் கேட்கிறார்கள். 61 போட்டிகளில் 56 வெற்றி. ஆனால், அவர் எதை இழந்தார் என்பதுதான் பெரிய பாடம்.

1942 ஜனவரி 17இல் அமெரிக்காவின் லூயிவில் நகரில் கறுப்பினக் குடும்பமொன்றில் கேஷியஸ் கிளேயாகப் பிறந்தார். 12 வயதில் அவரது சைக்கிள் களவு போனது. அதை முறையிடப் போன இடத்தில் சந்தித்த பொலிஸ்காரரே அவருக்குக் குத்துச்சண்டை பழக்கினார். 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். 1964இல் சோனி லிஸ்டனைத் தோற்கடித்து, 22 வயதில் உலக ஹெவிவெயிட் சாம்பியனானார். உடனே தான் முஸ்லிம் எனப் பகிரங்கமாக அறிவித்தார். பத்திரிகைகள் பல ஆண்டுகள் பழைய பெயரையே எழுதின. அவர் புதிய பெயரை விட்டுக்கொடுக்கவில்லை.

1967 ஏப்ரல் 28இல், வியட்நாம் போருக்காக இராணுவத்தில் சேர மார்க்கத்தின் பெயரால் மறுத்தார். பட்டம் பறிபோனது. 5 ஆண்டு சிறையும் 10,000 டொலர் அபராதமும் விதிக்கப்பட்டன. மேன்முறையீட்டால் சிறை செல்லவில்லை. எனினும் 25 வயதிலிருந்து 28 வயது வரை, ஒரு வீரனின் உடல் உச்சத்தில் இருக்கும் மூன்றரை ஆண்டுகள், அவரால் போட்டியிட முடியவில்லை. 1971இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்துச் செய்தது. போன வயதை எந்த நீதிமன்றமும் திருப்பித் தராது. ஆயினும் 1974இல் கின்ஷாசாவில் ஜோர்ஜ் ஃபோர்மனை எட்டாவது சுற்றில் வீழ்த்திப் பட்டத்தை மீட்டார். 1978இல் மூன்றாவது தடவையும் வென்றார்.

அவர் குறையற்றவர் அல்லர். சக வீரர் ஜோ ஃபிரேசரை இழிவாகப் பேசியதற்குப் பின்னர் வருந்தினார். ஆரம்பத்தில் ‘நேஷன் ஒஃப் இஸ்லாம்’ அமைப்பில் இருந்தவர், 1972இல் ஹஜ் செய்து, 1975இல் சுன்னி இஸ்லாத்துக்கு வந்தார்.

1984இல் பார்கின்சன் நோய் கண்டறியப்பட்டது. அந்த நோயோடுதான் 1990இல் ஈராக் சென்று, 15 அமெரிக்கப் பணயக்கைதிகளை மீட்டு வந்தார். 1996இல் அட்லாண்டாவில் நடுங்கும் கைகளால் ஒலிம்பிக் தீபம் ஏற்றினார். ஒரு காலத்தில் அவரைத் தண்டித்த நாடு எழுந்து நின்று கைதட்டியது.

2016 ஜூன் 3இல் வபாத்தானார். பிறந்த ஊரிலேயே ரமழானில் ஜனாஸாத் தொழுகை நடந்தது.

பரீட்சைப் புள்ளிக்கும் பதவிக்கும் ஓடும் எம் பிள்ளைகளுக்கு, கைக்கெட்டிய பட்டத்தையும் கொள்கைக்காக விடலாம் என்பதை யாராவது சொல்ல வேண்டும். அதற்கு இவரது வாழ்க்கை போதும். அல்லாஹ் அன்னாரின் பிழைகளைப் பொறுத்து, மேலான சுவனத்தை வழங்குவானாக.