கல்லறையிலும் சமத்துவம் கண்டவர்

சொல்வன்மை பெரும்பேறு. எனினும், அது யார் பொருட்டு ஒலிக்கிறது என்பதைக் கொண்டே அதன் சிறப்பு அமைகிறது. இவ்வுண்மைக்குத் தம் பிழையாலும் பெருமையாலும் ஒருங்கே சான்றானவர், அமெரிக்க வழக்கறிஞர் தாடியஸ் ஸ்டீவன்ஸ்.

வெர்மான்ட் மாநிலத்து டான்வில் என்னும் சிற்றூரில், 1792 ஏப்ரல் 4ஆம் நாள், வளைந்த பாதத்தோடு பிறந்தார். தந்தை குடும்பத்தைக் கைவிட்டார். தாய் சாராவின் உழைப்பே மகனுக்குக் கல்வி தந்தது. 1814இல் டார்ட்மத் கல்லூரியில் பட்டம் பெற்றவர், பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க் நகரில் வழக்கறிஞராகப் புகழ்பெற்றார்.

சாரிட்டி பட்லர் என்னும் அடிமைப்பெண், தமக்கும் தம் மக்களுக்கும் விடுதலை வேண்டி வழக்காடினார். பென்சில்வேனியாவில் ஆறு திங்கள் வைத்திருக்கப்பட்ட அடிமைக்கு விடுதலை உண்டு என்பது அம்மாநிலச் சட்டம். அவர் அங்கிருந்த நாள்கள் தொடர்ச்சியானவை அல்ல என்று உடைமையாளர் பக்கம் நின்று வாதிட்டு, 1821இல் வென்றவர் ஸ்டீவன்ஸ். வாதம் வென்றது, ஒரு தாயின் விடுதலை தோற்றது.

பின்னர் அவர் வாழ்வு திசை மாறியது. தப்பிவந்த அடிமைகளுக்காகக் கட்டணமின்றி வாதாடினார். 1833இல் மாநிலச் சட்டமன்றம் புகுந்தார். ஏழைப் பிள்ளைகளும் பயிலவந்த பொதுப்பள்ளிச் சட்டத்தை நீக்க 1835இல் முயற்சி எழுந்தபோது, அவர்தம் உரையே அதைக் காத்தது. கறுப்பினத்தார்க்கு வாக்குரிமை மறுத்த மாநில அரசியலமைப்பில் 1838இல் கையொப்பமிட மறுத்தார்.

நாடாளுமன்றத்தில் 1849 முதல் 1853 வரையிலும், 1859 முதல் இறுதிவரையிலும் பணியாற்றினார். உள்நாட்டுப் போரின்போது நிதிக்குழுவின் தலைவராய் விளங்கினார். 1863இல் தென்னகப் படையினர் அவருடைய இரும்பாலையை எரித்தழித்தனர். அவர் கொள்கை தளரவில்லை. அடிமைமுறையை ஒழித்த பதின்மூன்றாம் திருத்தத்துக்கும், குடியுரிமையும் சட்டத்தின் சமகாப்பும் வழங்கிய பதினான்காம் திருத்தத்துக்கும் அயராது உழைத்தார். விடுதலை பெற்ற குடும்பங்களுக்கு 40 ஏக்கர் நிலம் வழங்க அவர் வகுத்த திட்டம் மட்டும் நிறைவேறவில்லை. நிலமற்ற விடுதலை எத்துணை மெலிந்தது என்பதைப் பின்வந்த காலம் காட்டிற்று.

1868 ஆகஸ்ட் 11ஆம் நாள் வாஷிங்டனில் மறைந்தார். நிறவேற்றுமை பாராட்டிய இடுகாடுகளை விலக்கி, எல்லா இனத்தார்க்கும் இடமளித்த லங்காஸ்டர் நகரச் சிறு இடுகாட்டையே தாம் துயில அவர் தேர்ந்திருந்தார். வாழ்நாள் முழுதும் வலியுறுத்திய சமத்துவத்தை மரணத்திலும் விளக்கவே அவ்விடம் தேர்ந்ததாகக் கல்லறை வாசகம் கூறுகிறது.

நாவன்மையால் ஒருவரின் விடுதலையைத் தடுத்தவர், அதே நாவன்மையை இலட்சக்கணக்கானோரின் விடுதலைக்கு ஈந்தார். ஆயினும் சாரிட்டி பட்லரின் வழக்கில் நேர்ந்த தோல்வி அதனால் மாறவில்லை. சொல்லை ஆள்வோர் நெஞ்சில் நிறுத்தவேண்டிய வரலாறு இது.