கண்ணொளி இழந்த கணித மேதை ஒயிலர்

நிலத்திலிட்ட விதை முளைத்து இரண்டிலை விடுகின்றது. அவ்விலைகள் ஞாயிற்றொளியில் ஆக்கிய உணவினால் மேலும் இலைகள் தோன்றுகின்றன. இலைகள் பெருகப் பெருக உணவும் பெருகுகின்றது. உணவு பெருகவே வளர்ச்சி முன்னையினும் விரைகின்றது. உள்ளதன் அளவுக்கேற்ப மேலும் வளரும் இவ்வியல்பை அட்சரகணிதத்திலே அடுக்குக்குறிச் சார்பினாற் காட்டுவர். அச்சார்புக்குத் தெளிவான வடிவந் தந்த லெயனாட் ஒயிலர் என்னும் பெரியாரின் வரலாற்றை இம்மலரிலே சுருங்கக் கூற விழைகின்றோம்.

ஒயிலர் 1707ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆந் திகதி சுவிற்சர்லாந்திலுள்ள பாசல் நகரிற் பிறந்தார். தந்தையார் கிறித்தவ குருவானவர். இளமையில் யாக்கோபு பேர்ணூலி என்னும் அறிஞரிடம் கணிதங் கேட்டவர். மைந்தனும் தம்மைப்போற் குருவாதல் வேண்டுமென்பதே அவர் விருப்பம். பதின்மூன்று வயதிற் பல்கலைக்கழகம் புகுந்த ஒயிலரோ யாக்கோபின் தம்பியாராகிய யோகான் பேர்ணூலியை அணுகினார். அவர் கற்கவேண்டிய நூல்களைக் காட்டி, சனிக்கிழமை பிற்பகல்தோறும் ஐயந் தீர்த்துவைத்தார். மாணவனின் ஆற்றலை உணர்ந்த அவ்வாசிரியரே தந்தையாரிடம் பரிந்துரைத்து அவரை இசைவித்தார். நல்லாசிரியர் ஒருவரின் அச்சொல் இல்லையேல், கணிதவுலகம் தன் பெருஞ்செல்வத்தை இழந்திருக்கும்.

1727இல் ஒயிலர் இரசிய நாட்டின் சென் பீற்றர்ஸ்பேக் நகரிலிருந்த கலைக்கழகத்தை அடைந்தார். 1738இல் வலக்கண் பார்வை கெட்டது. 1741இற் பிரெடெரிக் மன்னனின் அழைப்பை ஏற்றுப் பேர்ளின் சென்று இருபத்தைந்து ஆண்டு பணிபுரிந்தார். அங்கிருந்த காலத்திலே, 1748இல், அவர் இலத்தீனில் இயற்றிய நூலொன்று இரு பாகங்களாக வெளிவந்தது. கூட்டுவட்டியை ஆராய்ந்த யாக்கோபு பேர்ணூலி 1683இலேயே அணுகிய எண்ணொன்றுக்கு, ஒயிலர் ‘ஈ’ என்னும் உரோம எழுத்தைக் குறியாக்கி, அதன் பெறுமானத்தை இந்நூலிலே இருபத்துமூன்று தசமதானங்கள்வரை தந்தார். ஆண்டுதோறும் முப்பதிலொரு பங்கு பெருகும் 100,000 குடிகள் நூறாண்டில் எத்தனையாவர் என்றும் வினாவி, இருபத்தாறு இலட்சத்துக்கு மேலாவர் எனக் கணித்துக் காட்டினார்.

முளையொன்றைக் கொண்டு இதனை விளக்குவோம். ஒரு கிராம் நிறையுள்ள நாற்று நாளொன்றுக்குப் பத்திலொரு பங்கு வளர்வதாகக் கொள்க. தொடக்க நிறையின் பத்திலொன்றே நாள்தோறுஞ் சேருமாயின், பத்து நாளில் 2 கிராம் ஆகும். அன்றன்றுள்ள நிறையின் பத்திலொன்று நாள்முடிவிற் சேருமாயின் 2.59 கிராம் ஆகும். செடியோ கணக்கப்பிள்ளைபோல் நாள் முடியும்வரை காத்திருப்பதில்லை. சேர்ந்தது சேர்ந்தவுடனே மேல்வளர்ச்சிக்கு உதவுகின்றது. அங்ஙனம் இடையறாது வளரின் 2.718 கிராம் ஆகும். ஒயிலர் குறியிட்ட எண் இதுவே. அவர் மறைந்து 136 ஆண்டுகளின் பின்னர், 1919இல், பிளாக்மன் என்னும் ஆங்கிலத் தாவரவியலறிஞர் பயிர் வளர்ச்சியைக் கூட்டுவட்டிக்கு ஒப்பிட்டு இச்சமன்பாட்டைப் பொருத்தினார். எனினும் இது இளம்பருவத்துக்கே நன்கு பொருந்தும். இலைகள் ஒன்றையொன்று நிழற்றத் தொடங்கியதும், உணவாக்காத தண்டும் வேரும் மிகுந்ததும் வளர்ச்சி வேகங் குன்றும்.

ஒயிலரின் ஊக்கமோ முதுமையிலுங் குன்றவில்லை. 1766இல் அவர் பீற்றர்ஸ்பேக்குக்கு மீண்டபின் இடக்கண்ணையும் படலம் மறைத்தது. 1771இல் வீடு தீப்பற்றியது. பாசல் நகரத்தவரொருவர் அவரைச் சுமந்து காத்தார். அவ்வாண்டு செய்த கண் சிகிச்சையும் இறுதியிற் பயன்படாதொழிந்தது. 1773இல் மனைவியாரும் மறைந்தார். இத்தனைக்கும் நடுவே, மனத்திற் கணித்து வாயாற் சொல்ல, பிறர் எழுத, அவர் ஆராய்ச்சி வளர்ந்தது.

அந்நாளில் அவர் அட்சரகணித நூலொன்றைச் சொல்லக் கேட்டு எழுதியவன், முன்பு தையற்காரரிடம் தொழில் பயின்ற இளைஞன். கணிதம் அறியாத அவன், எழுதிமுடித்தபோது அட்சரகணிதத்தில் வல்லவனாயிருந்தான். கூட்டுவட்டிக் கணக்கையும் விளக்கும் அந்நூல் இலத்தீனில் அன்றி, மக்கள் பேசிய ஜேர்மன் மொழியில் 1770இல் வெளிவந்தது. அதன் இரசிய மொழிபெயர்ப்பு அதற்கும் முந்தி வெளியாயிற்று. தாய்மொழியில் தெளிவுறச் சொன்னால் அருங்கணிதமும் எளியோர்க்கு எட்டும் என்பதற்கு இதனினுஞ் சான்று வேண்டுமோ?

1783ஆம் ஆண்டு செப்டெம்பர் 18ஆந் திகதி, புதிய கோளாகிய யுறேனசின் பாதையைப் பற்றி உரையாடிய அதே நாளில், ஒயிலர் தம் எழுபத்தாறாம் வயதில் இயற்கை எய்தினார். அவர் விட்டுச்சென்ற கட்டுரைகளை அக்கலைக்கழகம் ஏறத்தாழ ஐம்பது ஆண்டு தொடர்ந்து அச்சிட்டது.

கற்றது சிறிதாயினும் அதுவே மேலுங் கற்றற்கு முதலாகும். சனிக்கிழமை ஐயங்களிலே தொடங்கிய ஒயிலரின் கல்வி அங்ஙனமே வளர்ந்தது. இன்று முதல் வகுப்பிற் கால்வைக்கும் எம் இளைஞரும் அங்ஙனம் வளர்வாராக.