அலைகளை உணர்ந்த அறிஞர்

சாரற்காலத்தில் குற்றாலமலை மஞ்சில் மறைந்துவிடும். ஆயினும் அருவியின் ஓசை நம் செவிக்கு எட்டும். அதுபோல், கண்ணுக்குப் புலனாகாத மின்காந்த அலைகள் சுவரையும் ஊடுருவிச் செல்லும் என்பதை 1895-இல் கல்கத்தா நகர மண்டபத்தில் மெய்ப்பித்துக் காட்டினார் ஜகதீச சந்திர போஸ். அவ்வலைகள் அப்பாலிருந்த மணியை ஒலிக்கச் செய்தன. வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தன.

வங்கத்தில் 1858-இல் பிறந்த அவர், 1885-இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பேராசிரியரானார். ஆங்கிலேயர் பெற்ற ஊதியம் இந்தியர்க்கு அளிக்கப்படவில்லை. அதனால் மூன்றாண்டுகள் ஊதியமே பெறாது கற்பித்தார். முடிவில் முழு ஊதியமும் நிலுவையுடன் வந்தது. ஆய்வுக்கு ஏற்ற வசதியும் அங்கில்லை. உள்ளூர்த் தகரக்கொல்லர் ஒருவரைத் துணைக்கொண்டு கருவிகளை அமைத்தார். முறுக்கிய சணற்கற்றையும், ஏடுகளினிடையே வெள்ளீயத்தாள் செருகிய புகைவண்டிக் கால அட்டவணையுங்கூட அவர்க்கு ஆய்வுக் கருவிகளாயின! நம் தென்காசிக் கடைத்தெருவில் கிடைக்கும் சணல்தான் அது.

கலீனா என்னும் ஈயக் கனிமத்தின் தொடுமுனைகளைக் கொண்டு அலையுணர் கருவியொன்றை இயற்றினார். அலை படுந்தோறும் அதன்வழிச் செல்லும் மின்னோட்டம் மாறும். அதற்கு 1904-இல் அமெரிக்கா காப்புரிமை வழங்கியது. இன்று மின்சுற்று அமைப்போர் கையாளும் டையோடும் டிரான்சிஸ்டரும் அக்குறைகடத்திக் குடும்பத்தைச் சார்ந்தனவே. அறிவை விலைப்படுத்த விரும்பாத போஸ், நண்பர் வற்புறுத்தலால் பெற்ற அவ்வுரிமையைப் புதுப்பியாது விட்டார். 1917-இல் கல்கத்தாவில் தம் பெயரால் ஆய்வு நிலையம் நிறுவி, 1937-இல் இயற்கை எய்தினார்.