படகு வீட்டு ஓவியர்

ஆற்றோரப் புறம்போக்கிலிருந்து கல்லூரிக்கு வந்த எனக்கு ழான் வார்தாவின் மேல் தனிப் பற்று. 1893-இல் ஸ்மிர்னாவில் பிறந்த கிரேக்கர், பாரிஸில் ஓவியரானவர். பின்னர் அமெரிக்கா சென்று, போர்க்காலக் கப்பல் தளம் மூடிக் கிடந்த சாசலிட்டோ கரையில், 1879-இல் கட்டிய ‘வலேஹோ’ என்னும் பழைய பயணிகள் படகை நண்பர் ஆன்ஸ்லோ ஃபோர்டுடன் வீடாக்கினார். துணித்துண்டும் காகிதமும் ஒட்டிப் படம் செய்வார், வந்தவர்க்கெல்லாம் விருந்து. 1967-இல் உறவினர் அனியெஸ் வார்தா அவரைப் படமெடுத்தார். 1971-இல் மறைந்தார்.

சோதனை பிறகுதான் வந்தது. 1970-களில் கரையை வளைத்துப் புதிய படகுத்துறை கட்ட முனைந்தனர். கலைஞர்களும் ஏழைகளும் துடுப்புப் படகில் சென்று, தூண் அடிக்கும் இயந்திரத்தை மறித்தனர். வார்தா இருந்திருந்தால் முதல் படகு அவருடையதே என்பது என் எண்ணம். துறைகள் எழுந்தன, ஆயினும் இன்றும் அங்கே சுமார் 400 வீடுகள் மிதக்கின்றன.

எங்கள் தெருவுக்குப் பட்டா இன்னும் வரவில்லை.